நாற்பத்தோராம் நோயாளி

"நாப்பத்தோராம் நம்பர் ஆளு யாரு, பாக்கியம்?"

டாக்டர் ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மதுரையில் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தலைமை டாக்டர். அவரிடம் வேலை பார்க்கும் டாக்டர் பாக்கியம், எதிரே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அவர் உட்காரச் சொல்லவில்லை.

மேஜைமேல் இருந்தது அவளுடைய மூன்று வருஷ உழைப்பு. எழுமலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நரம்புச் சிலந்தி நோயைப் பற்றி அவள் செய்த ஆராய்ச்சி. அந்த ஊர் ஜனங்கள் படிக்கிணற்றில் இறங்கித்தான் தண்ணீர் அள்ளுவார்கள். தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத கிருமியும் உள்ளே போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி, நீளமான புழுவாக வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, கால் சீழ் பிடித்துவிடும். தினம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். கோடை வந்தால் ஊரில் பாதிப் பேர் எழுந்து நடமாட மாட்டார்கள்.

லண்டனில் ஓர் ஆராய்ச்சிக் கல்லூரி அந்தக் கட்டுரையை அனுப்பச் சொல்லியிருந்தது. அவர்களுக்குத் திருப்தியானால் இரண்டு வருஷம் அங்கேயே ஆராய்ச்சி. திரும்பி வந்தால் சென்னையில் பேராசிரியை உத்தியோகம். ஆசீர்வாதத்தின் சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

நாற்பது நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளையும் அவர் மெச்சிக்கொண்டே படித்தார். அடுத்ததில் நின்றுவிட்டார். பெயர் இல்லை, வயது இல்லை. கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது 1937 ஏப்ரல் ஒன்பது, காலை ஏழு மணி, ஒரே ஒரு முறை என்று இருந்தது. அதன் பிறகு நாளுக்கு ஒரு வரி. முந்நூற்று நாற்பத்தெட்டாம் நாள், இடது முழங்காலுக்குக் கீழே கொப்புளம். கடைசி வரி முந்தாநாள் எழுதியது.

"மணி முதற்கொண்டு எழுதியிருக்க. அப்ப நீயும் அங்க இருந்திருக்க."

"இருந்தேன், ஐயா."

"தடுக்கலை."

"தடுக்கலை."

அவள் மெதுவாக விளக்கம் சொன்னாள். மற்றவர்கள் தினமும் அதே தண்ணீரைக் குடிக்கிறவர்கள். எந்த நாள் கிருமி உள்ளே போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒருவருடைய நாளாவது நிச்சயமாகத் தெரிந்தால்தான், எந்த மாதத்தில் கிணற்றைக் காவல் காக்க வேண்டும் என்று சர்க்காரிடம் அடித்துச் சொல்ல முடியும். இன்னது வரும் என்று தெரிந்தேதான் அந்த ஆள் குடித்தது என்றாள்.

"எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகிட்ட சம்மதம் வாங்கினேங்கிறியா? அந்தப் புழு வெளிய வர்றப்ப வலி எம்புட்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும், ஐயா."

அந்த நிதானம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்த ஜனங்களின் கால்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். பெயரைச் சொன்னால் இன்றைக்கே ஆளைக் கொண்டுவந்து சேர்த்து வைத்தியம் பார்ப்பதாகவும், நடந்ததை மறந்துவிடுவதாகவும் சொன்னார்.

பாக்கியம் முடியாது என்று தலையசைத்தாள்.

"பேரைச் சொன்னா, நம்ப முடியாதுன்னு அந்தக் கணக்கை லண்டன்ல தள்ளிடுவாங்க, ஐயா," என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அறையை விட்டுப் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மனுஷ ஜீவன் நஞ்சைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி ஆராய்ச்சிக்கு மட்டுமல்ல, வைத்தியத் தொழிலுக்கே தகுதியில்லாதவள் என்று எழுதினார். மகளைப் போல நினைத்திருந்தவளைப் பற்றி எழுதுகிறோமே என்று ஒரு கணம் பேனாவை வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டு ஆகாயத் தபாலில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலையில், மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிவரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனார். பாக்கியம் கைவிட்ட அந்த நோயாளியையாவது காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஊர்த்தலைவர் வீரணன் ஆட்களைக் கூட்டிவைத்தார். புழு கண்டவர்கள் இந்த வருஷம் ஒன்பது பேர்தான். ஒவ்வொருவர் காலாக ஆசீர்வாதம் பார்த்தார். இடது முழங்காலுக்குக் கீழே ஒருவருக்கும் இல்லை. போன வருஷம் டாக்டர் சொல்லிக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தது யார் என்று அதட்டிக் கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கூட்டத்திலிருந்து இருளாயி என்ற பெண் முன்னால் வந்தாள். காலில் பழைய தழும்புகள்.

"எங்க ஆளுக யாரும் குடிக்கலைங்கய்யா. குடிக்கச் சொன்னாகன்னீகளே, அவுகதான் துணியில வடிகட்டாம ஒரு மடக்குக் குடிக்க விட மாட்டாக. படியில காவலுக்கே நின்னாக."

"அப்ப யாருமே குடிக்கலையா?"

"ஒரே ஒரு ஆளுதான் குடிச்சாக. போன பங்குனிக் கடைசியில, விடிஞ்ச பெறகு. எதுக்கு இப்படிச் செய்யிறீகன்னு நாங்க கையைப் பிடிச்சுத் தடுத்தோம். கேக்கலை."

ஆசீர்வாதம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்த ஆள் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்கய்யா," என்றாள் இருளாயி. "டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவோம்."