எழுபதுக்குக் கீழே

வாரண்டி எடுப்பதா, வேண்டாமா என்னும் விவாதம், பழைய கார்கள் விற்கும் கூடத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் நெடுநேரமாக நடந்துகொண்டிருந்தது. எடுத்தே தீருவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்த டாக்ஸிக்காரர், வேண்டாம் என்ற கட்சியில் நின்று மிகத் திறமையாக வாதாடிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவியோ உண்மையாகவே வேண்டாம் என்றாள். குடும்பத்திற்கென்று ஒரு பழைய மின்சாரக் கார் வாங்குவதே அவளுக்கு உடன்பாடில்லை. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த தொகை அதில் கரைகிறது. அதற்குமேல் பாட்டரிக்குத் தனியாக ஒரு வாரண்டியா?

"பழைய செருப்புக்குப் புது டப்பா வாங்குற கதையா இருக்கு" என்றாள்.

விற்பனையாளர் கோபிக்கவில்லை. நிபந்தனைகளைப் பொறுமையாக விளக்கினார். மூன்று ஆண்டுகளுக்குள் பாட்டரியின் திறன் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினால், புதிய பாட்டரி இலவசம். முன்சோதனை எதுவும் கிடையாது. வாடகை வண்டிகளுக்கு மட்டும் இத்திட்டம் பொருந்தாது.

பின்னர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், உங்க தம்பி மாதிரி நினைச்சுக்குங்க. வேற வண்டின்னா நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன். இந்த வண்டிக்கு எடுத்துக்குங்க."

எல்லா வண்டிக்கும் இதையேதான் சொல்வான் என்று டாக்ஸிக்காரர் மனத்திற்குள் நகைத்தார். எனினும், அரை மனத்தோடு இணங்குபவரைப் போல ஒரு நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

அவருடைய கணக்கு வேறு. அவர் ஓட்டிவந்த டாக்ஸியும் அதே நிறுவனத்தின் அதே வகைக் கார்தான். அதன் பாட்டரி தளர்ந்துபோய், நண்பகலுக்குமேல் சவாரி ஏற்க இயலாத நிலை. புதிய பாட்டரியின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஆகவே, வாங்கிய காரின் நல்ல பாட்டரியை டாக்ஸிக்கு மாற்றுவது. டாக்ஸியின் நோஞ்சான் பாட்டரியைக் காரில் பொருத்தி, வாரண்டியில் புதியது பெறுவது. பிறகு காரை நல்ல விலைக்கு விற்றுவிடுவது. டாக்ஸியும் ஓடும், மகளின் படிப்புத் தொகையும் திரும்பிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது இதுதான் அல்லவா?

வாங்கிய மறுநாளே பாட்டரி கெட்டது என்றால் எவன் நம்புவான்? எனவே சில மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை அந்தக் காரை அவர் யாரையும் தொடவிடவில்லை. ஓட்டினால் பாட்டரி தேய்ந்துவிடும் என்று உறை போட்டு மூடிவைத்தார். கடைக்குக்கூடப் போகக் கூடாதாம். இது கார்தானா, கல்யாணப் பெண்ணா என்று மனைவி பலமுறை கேட்டாள்.

பாட்டரியை மாற்றும் பொறுப்பு அவருடைய மைத்துனனுக்கு. பட்டறை வைத்திருந்த அவன், கருவிகளை நம்புவதில்லை. உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தே எதையும் கணித்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் கதவை இறக்கிவிட்டு இரண்டு வண்டிகளையும் அருகருகே ஏற்றி நிறுத்தினான்.

டாக்ஸியின் பாட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சத்தியமா அறுபதைத் தாண்டாது, மாமா" என்றான்.

கார் பாட்டரியைத் தட்டிக்கொடுத்தான். "இது பச்சைப் புள்ள."

பாட்டரிகளின் எண் பொறித்த தகடுகளைக்கூட மறவாமல் இடம் மாற்றி ஒட்டினான்.

மறுநாள் காலை, டாக்ஸியை வெள்ளோட்டம் பார்க்க மைத்துனனை அனுப்பிவிட்டு, டாக்ஸிக்காரர் காருடன் நிறுவனத்தின் சேவை மையத்திற்குச் சென்றார். முகத்தில் போதிய அளவு துயரத்தையும் வரவழைத்துக்கொண்டார். பரிசோதகர் கருவியை இணைத்தார். எண்கள் ஓடி நின்றன.

"எழுபத்தொண்ணு" என்றார் பரிசோதகர்.

டாக்ஸிக்காரர் கருவியை எட்டிப் பார்த்தார். "நல்லாப் பாருங்க சார். மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கப்போகுது."

பரிசோதகர் மீண்டும் ஒருமுறை பார்த்தார். அதே எழுபத்தொன்று. எழுபது ஆகியிருந்தால்கூடப் பயனில்லை என்றும், அதற்குக் கீழே இறங்கினால்தான் புதியது கிடைக்கும் என்றும் அன்போடு விளக்கினார். அத்துடன் நில்லாமல் பாராட்டவும் செய்தார்.

"இந்த வயசு வண்டிக்கு இது அருமையான பாட்டரி சார். நல்லா வெச்சிருக்கீங்க."

பிறகு குனிந்து, பாட்டரிப் பெட்டியின் நான்கு மூலைகளிலும் நிறுவனத்தின் முத்திரையைப் பதித்தார். சோதனைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இது நடைமுறையாம். இனி இந்தப் பாட்டரியை வெளியாள் யாரேனும் கழற்றினால், வாரண்டி அக்கணமே ரத்தாகிவிடுமாம்.

போனால் போகட்டும், டாக்ஸியாவது பிழைத்ததே என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கைப்பேசி ஒலித்தது. மைத்துனன்தான்.

"மாமா, வண்டி மேம்பாலத்துல நின்னுடுச்சு. இழுத்துட்டுப் போக வந்தவர் மிஷின் வெச்சுப் பார்த்தாரு. நாப்பத்தஞ்சுதானாம். கார் வித்த ஆளு உங்ககிட்ட எதுவுமே சொல்லலையா?"



புதிய பாட்டரியை இலவசமாகப் பெறுவதற்கு எல்லாத் தகுதிகளும் பெற்றிருந்த ஒரு பாட்டரி, வாரண்டி பெறத் தகுதியே இல்லாத ஒரு டாக்ஸிக்குள் பத்திரமாகப் பொருத்தப்பட்டிருந்தது.