ஒரே பெயரில் இரண்டு தாத்தாக்கள்

ஆஸ்பத்திரியில் மாட்டிய படம் தப்பு.

எண்பது வருஷத்துக்கு முன் ஊரில் காலரா. அப்போது ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டாக்டர். கடைசி நோயாளி வரை பார்த்துவிட்டு, அதே நோயில் செத்தார். இன்னொருவர் அதிகாரி. நோய் பரவக் கூடாதென்று குடிசைகளைக் கொளுத்தச் சொன்னார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

புது ஆஸ்பத்திரிக்கு டாக்டர் பெயர். கூடத்தில் அதிகாரி படம். பழைய ஃபைலில் அந்தப் பெயரில் இருந்தது அது ஒன்றுதானாம். மாட்டிவிட்டார்கள்.

டாக்டரின் பேத்தி ரிடையரான நர்ஸ். கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தார். ஏழாவது தடவை.

"சார், கொளுத்தினவனைச் சுவர்ல மாட்டிட்டு, நாளைக்குத் திறப்பு விழாவுல எல்லாரும் எழுந்து நிக்கப் போறீங்களா?"

"ஏம்மா, பேர் சரியா இருக்கா இல்லையா?"

"பேர் சரி. மூஞ்சி தப்பு!"

"அப்போ சரியான மூஞ்சியைக் கொண்டாங்க. மாட்டிடறேன்."

அங்கேதான் உதைத்தது. டாக்டர் செத்த அன்றே, நோய்க்குப் பயந்து வீட்டுச் சாமான் மொத்தத்தையும் எரித்துவிட்டார்கள். தாத்தா முகம் எப்படி இருக்கும் என்று பேத்திக்கே தெரியாது.

"இல்லையா? அப்போ இவரே இருக்கட்டும். மீசை கம்பீரமா இருக்கு."

சிரிப்பு வேறு.

கொதித்துப்போய் வெளியே வந்தால், கூடத்தில் தையல்காரர். ஸ்டூல் மேல் ஏறி, படத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். அந்த அதிகாரியின் பேரன். ஊருக்கே தெரியும்.

"என்ன மாஸ்டர், தாத்தாவுக்குக் கோட்டு தைக்கிறீங்களா?"

"திரை தைக்கச் சொன்னாங்க, நர்சம்மா. நாளைக்கு விலக்குறதுக்கு."

"பட்டுத் திரையா?"

"பட்டுதான்."

"கொடுத்து வச்ச மனுஷன்! ஊரைக் கொளுத்தினாலும் பட்டு. ஊருக்காகச் செத்தவருக்கு ஒரு கந்தல்கூட இல்லை. உங்களுக்கு வெட்கமா இல்லை?"

அவர் நீளம், அகலம் இரண்டையும் சீட்டில் குறித்துக்கொண்டார்.

"கல்லு மாதிரி நிக்கிறதைப் பாரு. அந்த ரத்தம்தானே!" என்று சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ்.

மறுநாள். கூடம் நிறைய ஆள். நர்ஸ் சண்டை போடுவதற்கென்றே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது கண்காணிப்பாளருக்கு.

ஃபிரேமுக்குள் வேறு ஆள். ஒல்லி. மீசை கிடையாது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அடியில் மங்கிய அச்செழுத்தில் அதே பெயர், பக்கத்தில் 'டாக்டர்'. அவர் தோள்மேல் இன்னொருவரின் கை. கைக்கு அப்பால் ஆளைக் காணோம். துணி வெட்டின மாதிரி நேர்க்கோடாக வெட்டியிருந்தது.

நர்ஸ் எழுந்தார். சண்டை மறந்துபோயிற்று.

"அந்தக் காது... எங்க அப்பா காது."

"யாருய்யா மாத்தினது? யாரைக் கேட்டு மாத்தினீங்க?" கண்காணிப்பாளர் கத்தினார். "பழைய படம் எங்கே?"

"உங்க மேஜை மேல இருக்கு சார்," என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "இது எங்க வீட்டுச் சுவர்ல இருந்தது. காலராவுக்கு எல்லாம் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்டது. எங்க தாத்தா பக்கத்தை வெட்டிட்டேன்."

சொன்னவர் தையல்காரர்.