உப்புத் தண்ணிதானே

எடப்பாடியில் அந்த வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மாரக்காள், அவள் மகன் தனுஷ், மருமகள் ரஞ்சிதா, மீன்தொட்டியைப் பார்க்கச் சேலத்திலிருந்து வந்த வளர்ப்பு மீன்கடை மாதேஸ்வரன். வாசலோரம் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன.

தொட்டிக்குள் கடல்மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

"எல்லாம் இவ கொள்ளிக்கண்ணுதானுங்க," என்று மருமகளைக் காட்டினாள் மாரக்காள். "மீனு செத்துச்சுன்னா இவ இந்த ஊட்டுல இருக்கப்படாது."

"அம்மா சொல்றது சரிதான்," என்றான் தனுஷ்.



மாதேஸ்வரன் வடிகட்டியின் பஞ்சை எடுத்துப் பிழிந்தான். உள்ளங்கையில் மிளகாய் விதைகள் ஒட்டின. "இது நோவு இல்லீங்க, எரிச்சல். யாருங்க மொளகாயைப் போட்டது?"

"நாந்தேன்," என்றாள் மாரக்காள். "எம்பையனுக்கு இவ கண்ணு படப்படாதுன்னு தெனமும் உப்பு மொளகாய் சுத்தறேன். அடுப்புல போட்டா நெடியில அவனுக்கு இருமல் வருது. இதுவும் உப்புத் தண்ணிதானேன்னு நசுக்கி இதுல போட்டுட்டேன்."

தனுஷ் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "சரி, உடு ரஞ்சிதா. உம்பொட்டிய உள்ள எடுத்து வெய்யி."

"அது எம்பொட்டி இல்லீங்க. உங்க ரெண்டு பேர் துணியையும் காலையிலயே அடுக்கிட்டேன். இது எங்கப்பன் எனக்குக் கட்டிக் குடுத்த ஊடு. மீனு செத்தாலும் பொழைச்சாலும் நீங்க கெளம்பறதுதான்."

பெட்டிகளை வெளியே தள்ளினாள். மாரக்காள் கத்திக்கொண்டே அவற்றின் பின்னால் ஓட, தனுஷ் தாயின் பின்னால் ஓடினான்.

"அண்ணா, நீங்க தண்ணிய மாத்துங்க," என்று சொல்லிவிட்டு ரஞ்சிதா கதவைச் சாத்திப் பூட்டினாள்.