நண்டுக் கடை வளைவு

பக்கவாதத்தில் மரத்துப்போன மாசிலாமணியின் இடது உள்ளங்கைதான், உடம்பு தேறியதும் அவரும் மனைவி செண்பகமும் காரில் சுற்றிவரப் போகிற தீவு. தினமும் அவரைக் கண்மூடச் சொல்லிவிட்டு, செண்பகம் அதன் கடலோரச் சாலையில் விரலை ஓட்டுவாள். "இந்த வளைவுல அருவிங்க. குளிச்சிட்டு, இங்க நண்டுக் குழம்பும் சோறும்." அவள் முகம் வாடக்கூடாதே என்று, எதுவும் உணராமலே அவர் தலையாட்டிவைப்பார். இன்று அடுப்பில் பால் வைத்திருந்த அவசரத்தில், அவள் வாய் திறக்காமல் விரலை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏ செண்பகம், நிறுத்து," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நண்டுக் கடையத் தாண்டிப் போயிட்டே."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. செண்பகத்துக்குக் கும்பிடத்தான் கை பரபரத்தது; ஆனால் அவர் கையை விட்டுவிட்டல்லவா கும்பிட வேண்டும்? அவள் வண்டியை மெல்லப் பின்னால் எடுத்து, கடை வாசலில் நிறுத்தினாள்.