சிமிட்டும் விளக்கு

அந்த டிஜிட்டல் டேப் ரெக்கார்டரில் ரெக்கார்டு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு சிமிட்டும். காத்திருக்கிறது என்று பொருள். அடுத்து பாஸ் என்ற நிறுத்திவைக்கும் பொத்தானை அமுக்கி, விளக்கு நின்று எரிந்தால்தான் பதிவாகும். அன்று முழுக்க, பாட்டைப் பதிவு செய்யப் போன நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

வில்லுப்பாட்டுக்காரி செல்லக்கனிக்கும் குடம் அடிக்கும் அவள் அண்ணன் சுயம்புவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பாட்டில் மட்டும், அவள் வரியை நிறுத்தும்போதெல்லாம் அவர் 'ஆமா' போடுவார். ஐந்து மணிக்குள் அவர்கள் பாட்டுப் பதிந்த டேப் வானொலி நிலையத்தின் பாடகர் தேர்வுக்குப் போயாக வேண்டும். இருந்ததே ஒரு டேப்தான்.

போட்டுக் கேட்டோம். பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டுக்கு நடுவே ஓய்ந்திருந்த நேரம் மட்டும் பதிவாகியிருந்தது. இருமல், டீ உறிஞ்சும் சத்தம், பிறகு செல்லக்கனி சுவரைப் பார்த்து முணுமுணுத்தது.

"சில பேருக்கு சாவுற வரைக்கும் வீம்பு போவாது."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு வைக்கேன். வந்து தின்னுட்டுப் போவலாம்லா."

"ஆமா."

ஆமா போட்டது சுயம்புவுக்கே தெரிந்திருக்கவில்லை. வாய்ப்பழக்கம். "நானா சொன்னேன்?" என்றார்.

"பின்ன குடமா சொல்லிச்சு?" என்றாள் செல்லக்கனி, நேராக அவர் முகத்தைப் பார்த்து. அவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அவள்தான் தலையில் தட்டினாள்.

மணி நாலு. டேப்பை முதலுக்கு ஓட்டி ரெக்கார்டை அமுக்கினேன். விளக்கு சிமிட்டியது.

"இதுக்கு மேலயே பாட்டப் பதியணும். பேச்சு அழிஞ்சிரும். அமுக்கட்டுமாண்ணே?"

சுயம்பு வாயைத் திறந்தார். ஆமா வரவில்லை.