இரவல் நாக்கு

“ஆ காட்டுங்க” என்று சொல்லி, எண்ணெயிலிருந்து எடுத்த இறாலை ஊதி ஊதிக் கணவன் வாயில் வைத்தாள் அவள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல அவனுடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிரமாதம்! உன் கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்.” சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

“காரம் ஜாஸ்தியா?”

“கேஜன் மசாலான்னா காரம் இல்லாம எப்படி? மிளகாய், பூண்டு, மிளகு எல்லாம் தூக்கலா இருந்தாத்தானே அழகு.”

“உப்பு?”

“அளந்து போட்ட மாதிரி இருக்கு.”

அளந்துதான் போட்டிருந்தாள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய ருசியையும் வாசனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பேர்பெற்ற ரெஸ்டாரண்டின் செஃப்புக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று வெளியே கசிந்தால், அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். விஷயம் கணவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். புதிதாக எது செய்வதானாலும் முதலில் வீட்டில் செய்து அவனுக்குக் கொடுப்பாள். புளிப்பு ஒரு சிட்டிகை கம்மி, இனிப்பு ஒரு சொட்டு ஜாஸ்தி என்று அவன் சொல்லச்சொல்ல மனதில் வாங்கிக்கொண்டு போய் அங்கே சமைப்பாள். ஒரு தடவைகூட அவன் சொன்னது பிசகியதில்லை.

இன்றைக்கு முதலாளியம்மாவே வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். வேறொரு ஊரில் பெரிதாகக் கிளை திறக்கப் போகிறார். “இதுவரைக்கும் யாரும் செய்யாததா ஒண்ணு செஞ்சு போடு. பிடிச்சிருந்தா அந்தக் கிளையே உன் பொறுப்பு” என்று சொல்லியிருந்தார். கேஜன் மசாலாவில் புரட்டிப் பொரித்த இறாலை உள்ளே வைத்து சுஷி ரோல் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவளே அரைத்து வைத்திருந்த மசாலா தீர்ந்துபோயிருந்தது. காலையில் கணவன் ஓடிப்போய்க் கடையில் வாங்கி வந்து, அவள் தேடக் கூடாதே என்று அவளுடைய டப்பாவிலேயே கொட்டி வைத்திருந்தான்.

மூங்கில் பாயில் கடற்பாசித் தாளை விரித்தாள். ஈரக்கையால் வினிகர் சோற்றைப் பரப்பி, வெள்ளரித் துண்டுகளையும் மொறுமொறு இறாலையும் வரிசையாக வைத்து இறுக்கிச் சுருட்டினாள்.

“கிளை நமக்கே கிடைச்சா, நிஜமாவே என்கூட வந்துடுவீங்களா?”

“பின்ன? ஏ.சி. எல்லா ஊர்லயும்தான் ரிப்பேர் ஆகும்.” அவன் சிரித்தான். “எங்க ரிப்பேர் கடைப் பசங்க இப்பவே எனக்குப் பேர் வெச்சுட்டாங்க. பொண்டாட்டிக்குப் பெட்டிதூக்கியாம்!”

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். தட்டின் அழகைப் பார்த்து, “கண்ணு பட்டுடும் போலிருக்கே!” என்றபடி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

இரண்டு தடவை மென்றவர் அப்படியே நின்றார். காகித நாப்கினை வாயருகே கொண்டுபோய்த் துப்பினார்.

“என்னம்மா இது, ஒரே உப்பு! கடைப் பொடியா? அதுல உப்பு கலந்துதானே விக்கறான். அதுக்கு மேல நீ வேற அள்ளிப் போட்டியா?”

“இருக்காதேம்மா...” அவள் பதறிப்போய் ஒரு துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

முதலாளியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சுருங்கவில்லை, உதடு கோணவில்லை. முகத்தைச் சுளித்திருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

“இன்னொண்ணு சாப்பிடு” என்றார் முதலாளியம்மா.

அதையும் எடுத்துச் சாப்பிட்டாள். இந்தத் தடவை வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தாள். அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துதும்மா...”

“அப்போதிலேர்ந்து என் கஸ்டமர்களுக்குக் குத்துமதிப்பாத்தான் சமைச்சுப் போட்டியா?” முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். “நாளைக்கு வர வேண்டாம். உன் கத்தி, ஏப்ரன் எல்லாத்தையும் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன்.”

கணவன்தான் வாசல்வரை போய், மன்னிப்புக் கேட்டு, கார்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் சமையல் மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

“போகட்டும் விடு. இங்கேயே இருப்போம். எனக்கு மட்டும் சமைச்சுப் போடு, அது போதும்.”

அவள் மூக்கை உறிஞ்சியபடி நிமிர்ந்தாள். அவன் மிச்சமிருந்த ரோல்களைத் தட்டிலிருந்து குப்பைக்கூடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க மேல தப்பு இல்லைங்க” என்றாள் அவசரமாக. “உங்களுக்கு ஊட்டிவிட்ட அந்த ஒரு இறால்ல மட்டும் உப்பு சரியா பிடிச்சிருக்கும். அப்படித்தானே?”

அவன் தட்டைக் கழுவத் தொடங்கினான்.

“இல்ல. அதுவும் வாயில வைக்க முடியல.”