கதவு வரைக்கும்

"இன்னும் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மச்சான். அக்கறை தெரியணும்."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து மறுபடியும் சொன்னார். "டேக் கேர்." மேனேஜருக்குத் திருப்தி இல்லை. ரயில் ஏற்றிவிட வந்தவர் மாதிரி கத்தாதீர்கள் என்றார்.

வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு ஆங்கில வகுப்பு என்றுதான் தோன்றும். அந்த நிறுவனத்தில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் மேனேஜரின் பொறுப்பு. கொஞ்ச நாளாக அனுப்புவது மட்டும்தான் நடக்கிறது.

மேனேஜர் ஆள்குறைப்பை முடித்து, தன் இடத்துக்கு ஒருவரைத் தயார் செய்துவிட்டால், அவருடைய விஷயத்தைப் பேசலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாடியில் காலியாகக் கிடக்கும் ஜெனரல் மேனேஜர் அறைதான் அந்த விஷயம் என்பதில் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் சொல்லியாகிவிட்டது. அந்த அறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று மனைவியோடு ஒரு சண்டைகூட ஆகிவிட்டது.

தயார் செய்ய வெளியாள் எதற்கு? மனைவியின் அண்ணன் இருக்கிறாரே. போன வருஷம் மச்சான் வேலை போய் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் மேனேஜர்தான். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

இத்தனை நாள் ஒத்திகை. இன்றைக்கு நிஜம். தன் நாற்காலியில் மச்சானை உட்கார வைத்துவிட்டு மேனேஜர் ஓரமாக நின்றுகொண்டார்.

முறை ரொம்பச் சுலபம். ஆளைக் கூப்பிடும் முன்பே எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்த் தோளில் கை போட்டு, அப்படியே கதவு வரைக்கும் நடத்திக்கொண்டு போக வேண்டும். கதவைத் திறந்ததும் அந்த வார்த்தை.

ஏன் அந்த வார்த்தை என்பதற்கும் மேனேஜரிடம் விளக்கம் இருந்தது. சாரி என்றால் தப்பு நம் தலையில் விடியும். சீ யூ என்றால் நாளைக்கே வந்து நிற்பான். குட் லக் என்றால் கிண்டல் பண்ணுகிறோம் என்று அடிக்க வருவான். டேக் கேர் என்று சொன்னால் மட்டும், எதிராளி பழக்கதோஷத்தில் தேங்க்ஸ் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான்.

"என் தங்கச்சிகூடத் தினம் காலையில உங்ககிட்ட அதைத்தானே சொல்றா மாப்ள?"

"அவ சாயங்காலம் கதவைத் திறப்பா மச்சான். நாம திறக்க மாட்டோம்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பேக்கிங் பிரிவுப் பெண் வந்தாள், அழுதாள், போனாள். வேன் டிரைவர் விஷயம் மண்டையில் ஏறுவதற்குள் தேங்க்ஸ் சொல்லிவிட்டு, வராந்தாவில் பாதி தூரம் போய்த் திகைத்து நின்றார். ஸ்டோர் கீப்பர்தான் லேசில் எழுந்திருக்கவில்லை. மச்சானை அவர் பார்க்கவே இல்லை. ஓரமாக நின்ற மேனேஜரைத்தான் பார்த்தார்.

"நல்ல வேலை ஒண்ணு வந்தப்போ போகாதேன்னு தடுத்தது நீங்கதானே சார்? உங்களை நம்பித்தானே இருந்தேன்?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சான் எழுந்து வந்து ஸ்டோர் கீப்பரின் தோளில் கை போட்டார். கதவருகே அவர் சொன்ன டேக் கேர் அவ்வளவு பக்குவமாக இருந்தது. மனுஷர் தேறிவிட்டார் என்று மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மச்சான் மேஜைக்குத் திரும்பினார். வேறொரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி எதிர்ப்பக்கம் வைத்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்கள், கொஞ்சம் உட்காருங்கள் என்றார்.

கூடப் பிறந்தவன்கூட இப்படிக் கவனிப்பானா என்று மேனேஜருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. எதிர் நாற்காலியில் சாய்ந்து, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மாடி அறை பற்றி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தார். திரை நீலம்தான், தங்கச்சி பேச்சைக் கேட்டுக்கொண்டு சிபாரிசுக்கு வராதீர்கள் என்றார். மச்சான் சிரிக்கவில்லை.

"முதலாளி நேத்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார் மாப்ள."

"நேத்தா? சொல்லவே இல்லையே?"

"இன்னிக்கு வேலை முடியட்டும்னு சொல்லிட்டார்."

மேனேஜருக்கு வாய் காதுவரை போனது. மாடிக்கு எப்போது போக வேண்டுமாம் என்று கேட்டார். மச்சான் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். கட்டிப்பிடித்து வாழ்த்தப் போகிறார் என்று நினைத்து மேனேஜரும் எழுந்தார். மச்சான் நடந்தார். இவரும் கூடவே நடந்தார்.

பாதி அறை தாண்டியபோதுதான் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தார். எதிர் நாற்காலிக்கு முன்னால் காலி டம்ளர் இருந்தது.

சொந்தத் தங்கச்சி குடும்பம் என்றுகூடப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். காலையிலிருந்து கூடவே சிரித்த மனுஷரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான்... உங்களை நம்பித்தானே..."

மச்சான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாக, அக்கறை தெரியும்படி சொன்னார்.

"டேக் கேர், மாப்ள."